20 மாதம், 6 வயது, 11 வயது: மூவரையும் ஒன்றாகச் சிறுவர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போக யோசனை வேண்டும்

தூறல்:

வணக்கம் எல்லாருக்கும். தொட்டு, இழுத்து, சுழற்றி, நனைந்து விளையாடுகிற வகைச் சிறுவர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக இருக்கிறோம். பெரியவளுக்கு 11 வயது, நடுவில் உள்ளவனுக்கு 6, கடைக்குட்டிக்கு 20 மாதம். பெரியவர்கள் என்று பார்த்தால் நானும் என் மாமியாரும்தான். அத்தைக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது, குழந்தை பின்னால் ஓடவும் முடியாது.

அவர்கள் தரும் வரைபடத்தில் பார்த்த வரை உள்ளே இவையெல்லாம் இருக்கின்றன: தண்ணீர் மேசை, பந்து உருளும் பாதைச் சுவர், சோப்புக் குமிழிப் பகுதி, மேல்நோக்கிக் காற்று வீசும் குழாய், பல்சக்கரப் பலகை, வளைவு கட்டும் கட்டைகள், நம் நிழல் சுவரில் அப்படியே நிற்கும் 'நிழல் உறையும் அறை', ஏறி விளையாடும் வலையும் சறுக்கும், 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி மூலை.

பெரியவள் "அது சின்னப் பசங்க இடம், நான் வரலை" என்கிறாள். நடுவில் உள்ளவனுக்கு இரைச்சல் ஆகாது, காதைப் பொத்திக்கொள்வான். சின்னது கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். எந்த வரிசையில் பார்ப்பது, எவ்வளவு நேரம் இருப்பது, யார் யாரோடு இருப்பது? பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பல்சக்கரம்:

தூறல், இப்படிப்பட்ட இடங்களில் காட்சிகளை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். எந்தக் காட்சியில் எந்த வயது எங்கே சிக்கிக்கொள்ளும் என்பதைச் சொல்கிறேன்.

எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று கிளம்பினால், எந்த நேரமும் மூவரில் இருவர் காத்துக்கொண்டிருப்பார்கள். இருக்கும் ஒன்பதில் மூவருக்கும் பொதுவானவை நான்குதான். அங்கே சேர்ந்திருங்கள், மற்ற நேரம் பிரிந்துவிடுங்கள். பொதுவானதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சும்மா தட்டினாலும் ஏதாவது நடக்க வேண்டும், நுணுகிப் பார்த்தாலும் இன்னும் செய்ய மிச்சம் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து முடிந்துபோகும் காட்சி இதற்குச் சரிவராது. 20 மாதக் குழந்தை பொத்தானை விடாது, மற்ற இருவரும் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள்.

உங்கள் பட்டியலில் தண்ணீர் மேசை, பந்துப் பாதை, பல்சக்கரப் பலகை, காற்றுக் குழாய் ஆகிய நான்கும் பொது.

தண்ணீர் மேசையில் சின்னது மொண்டு ஊற்றும், அதுவே அதற்குப் போதும். நடுவில் உள்ளவன் தடுப்புப் பலகைகளால் அணை கட்டிப் படகை விடுவான். பெரியவளுக்குத் திருகு ஏற்றம் இருக்கிறதா பாருங்கள். சாய்ந்த குழாய்க்குள் திருகு சுற்றித் தண்ணீரை மேலே கொண்டுவரும் கருவி அது. "இது வேலை செய்யலை" என்று பிள்ளைகள் விட்டுவிட்டுப் போவதற்கு இரண்டே காரணம்: கைப்பிடியை எதிர்த்திசையில் சுற்றுவது, கீழ்முனை நீருக்குள் முழுகாமல் இருப்பது. முதல் சொட்டு மேலே வரப் பல சுற்று ஆகும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பல்சக்கரப் பலகையில் சின்னது ஒரு சக்கரத்தைச் சுற்றினாலே பலகை முழுக்க ஓடும். நடுவில் உள்ளவன் சக்கரங்களைக் கோத்துக்கொண்டே போவான், திடீரென்று எல்லாம் இறுகி நின்றுவிடும். பெரும்பாலும் 3 சக்கரங்கள் முக்கோணமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம். பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றியாக வேண்டும். வட்டமாக மூடிய கோவையில் ஒற்றைப்படை எண்ணிக்கை வந்தால் அது நடக்காது. இதை நீங்கள் சொல்லாதீர்கள், பெரியவளைக் கண்டுபிடிக்க விடுங்கள். அதன் பிறகு 40 பல் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 10 பல் சக்கரம் எத்தனை சுற்றும் என்று கேட்கலாம். அவளே எண்ணிப் பார்த்து 4 என்று சொல்வாள்.

வளைவுக் கட்டைகள் இருவர் வேலை. செங்குத்தாக நிறுத்திக்கொண்டே அடுக்கினால் பாதியில் சரியும், ஏனென்றால் உச்சியில் நடுக்கல் பொருந்தும் வரை வளைவு தானாக நிற்காது. சாய்பலகை இருந்தால் அதன் மேல் படுக்க வைத்து முழு வளைவையும் அடுக்கி முடித்து, இருவர் சேர்ந்து பலகையை மெதுவாக நிமிர்த்த வேண்டும். சரிந்தால் பெரும்பாலும் அடிக்கல் வெளிப்பக்கமாக வழுக்கியிருக்கும். வளைவு தன் எடையால் இரு கால்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடுவில் உள்ளவன் ஒரு காலைத் தன் பாதத்தால் அணைத்துக்கொள்ளட்டும். அவன் பாதத்தில் அந்தத் தள்ளல் தெரியும். கடைக்குட்டியை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதற்குக் கட்டுவதைவிடத் தள்ளிவிடுவதில்தான் ஆர்வம், அண்ணனுக்கு அழுகை வந்துவிடும்.

வரிசை என்றால், கதவு திறந்ததும் தண்ணீர் மேசை. கூட்டம் சேர்ந்தபின் அங்கே சின்னவர்களுக்குக் கை வைக்கவே இடம் கிடைக்காது. அடுத்து பல்சக்கரமும் பந்துப் பாதையும். பிறகு பிரிவது. மொத்தம் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் இரண்டரை. 20 மாதக் குழந்தையின் தூக்க நேரத்துக்கு 45 நிமிடம் முன்பாகவே வெளியேறத் தொடங்குங்கள். பள்ளிக் குழுக்கள் வார நாட்களில் முற்பகலில்தான் அதிகம் வரும். அன்றைக்குக் குழு முன்பதிவு இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். குழு இருந்தால் மதியத்துக்குப் பிறகு போங்கள்.

கீற்று:

உடை, பை பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அங்கே கொடுக்கும் நீர்புகா ஏப்ரன் நெஞ்சையும் வயிற்றையும் மட்டும்தான் காக்கும். நனைவது சட்டைக்கை. கையை உயர்த்தும்போது நீர் முழங்கை வரை வழிந்து உள்ளே இறங்கும். அரைக்கைச் சட்டை போடுங்கள். முழுக்கை என்றால் முழங்கைக்கு மேலே மடித்து ரப்பர் வளையம் போடுங்கள், இறுக்கமாக அல்ல. சின்னதுக்கு இரண்டு மாற்றுடை, மற்ற இருவருக்கும் ஒரு மேல்சட்டையும் காலுறையும். காலுறையை எல்லாரும் மறப்பார்கள். வலை, சறுக்கு, குழந்தை மூலை மூன்றிலும் பொதுவாகக் காலுறையோடு அல்லது வெறுங்காலோடுதான் விடுவார்கள், சில இடங்களில் காலுறை கட்டாயம். அடியில் ரப்பர் புள்ளி வைத்தது நல்லது, வழுக்காது.

கழுத்தில் கயிறு, தொப்பி நாடா, தொங்கும் மணிமாலை எதுவும் வேண்டாம். வலையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். பெரியவளின் தலைமுடியைப் பின்னிக் கட்டிவிடுங்கள். சுழலும் காட்சிகளில் அவிழ்ந்த முடி ஆபத்து.

தள்ளுவண்டியைப் பல இடங்களில் நுழைவாயிலோடு நிறுத்தச் சொல்வார்கள், மாடியில் நெரிசலில் அது தடையும்கூட. குழந்தையைச் சுமக்கும் பட்டை கொண்டுபோங்கள். ஆனால் தண்ணீர் மேசையில் குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொண்டு குனியாதீர்கள், அதன் தலை விளிம்பில் இடிக்கும். முதுகில் கட்டுங்கள் அல்லது இறக்கி விடுங்கள்.

பைக்குள்: மாற்றுடைகளை ஆளுக்கொரு பையாகப் பிரித்துப் பெயர் எழுதியது, ஈர உடைக்கு ஒரு நெகிழிப் பை, சின்னத் துண்டு, தண்ணீர், உலர்ந்த சிற்றுண்டி. நுழைவுச் சீட்டு வாங்கும்போதே வெளியே போய் மறுபடி வர அனுமதி உண்டா, கையில் முத்திரை வைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் ஒரு மணி நேரம் ஆனதும் எல்லாரும் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதன் பிறகு பிள்ளைகளின் முகமே மாறும்.

வெண்தாழை:

குழந்தைகள் வார்டில் செவிலியாக இருக்கிறேன். தோழி, பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போனால் நிம்மதியாக விளையாட விடலாம்.

வாயில் வைப்பது பற்றி. 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறு உருளை உண்டு, விட்டம் சுமார் 32 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. குழந்தை மூலையில் இருப்பவை பொதுவாக அதைவிடப் பெரியவை. ஆனால் பெரிய கூடத்தின் பந்துகள், கொக்கிகள், கட்டைகள் மூத்த பிள்ளைகளை நினைத்துச் செய்தவை. எனவே கூடத்தில் இருக்கும் வரை சின்னது உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காந்தக் காட்சி இருந்தால் தனிக் கவனம் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகளை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்து அவை ஒன்றையொன்று கவ்விக் குடலைத் துளைத்துவிடும். விழுங்கியதோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கை கழுவுவது பற்றி. சாப்பிடும் முன்பும் கிளம்பும்போதும் சோப்பும் ஓடும் நீரும், 20 விநாடி. கைக்குத் தேய்க்கும் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது. வீட்டில் யாருக்காவது வாந்தியோ பேதியோ இருந்தால், நின்ற பிறகும் 48 மணி நேரம் கழித்தே இப்படிப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும். நுழைவுச் சீட்டுத் தேதியை மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டு வைத்தால், உடம்பு சரியில்லாத பிள்ளையை இழுத்துப் போக வேண்டிய கட்டாயம் இராது.

சறுக்கு: அக்கா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கக் கூடாது. பாசமாகத்தான் செய்வார்கள். ஆனால் சின்னதின் பாதம் பக்கச் சுவரில் உராய்ந்து சிக்கிக்கொள்ள, பின்னால் இருப்பவரின் எடை தள்ள, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். நீங்கள் வைத்துக்கொண்டு சறுக்கினாலும் இதேதான், எடை கூடக்கூட ஆபத்து அதிகம். சின்னது தனியாகச் சறுக்கக்கூடிய குட்டைச் சறுக்கு இருந்தால் அதில் விடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கிளம்பும் நேரத்தில் அடம்பிடிக்கும் குழந்தையை ஒரு கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 5 வயதுக்குள் முழங்கை மூட்டில் எலும்பு எளிதில் நழுவும். பிறகு குழந்தை அந்தக் கையைத் தூக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு அழும். அக்குளுக்குக் கீழே இரு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

நிழல் உறையும் அறையில் ஒளி பளிச்சென்று வெட்டும். வலிப்பு உள்ள பிள்ளைகள் யாராவது உடன் வந்தால் அந்த அறை எப்படி இயங்குகிறது என்று ஊழியரிடம் கேட்ட பிறகே உள்ளே போக வேண்டும். காது கேட்பதற்காக உள்காதில் காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகள் முடியைச் சிலிர்க்க வைக்கும் நிலைமின் உருண்டைப் பக்கம் போகக் கூடாது. பிளாஸ்டிக் சறுக்கில் ஏறும் முன் அக்கருவியின் வெளியே மாட்டும் பகுதியைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் சறுக்கும்போது உடலில் நிலைமின்சாரம் சேரும். உங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன், படிக்கும் மற்றவர்களுக்காக எழுதினேன்.

தொலைந்துபோவது பற்றிக் கடைசியாக. நுழையும் முன் வாசலில் மூவரையும் அன்றைய உடையோடு ஒரு புகைப்படம் எடுங்கள். "என்ன நிறச் சட்டை?" என்று யாராவது கேட்டால் பதற்றத்தில் நினைவு வராது. கைப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதுங்கள், பெயர் வெளியே தெரிய வேண்டாம். "அம்மாவைக் காணோம் என்றால் நின்ற இடத்தில் நில், அடையாள அட்டை போட்டவரைக் கூப்பிடு" என்று நடுவில் உள்ளவனுக்குச் சொல்லி, அடையாள அட்டை எப்படி இருக்கும் என்று வாசலிலேயே காட்டுங்கள். காணாமல் போனால் சத்தமில்லாமல் தேடாதீர்கள். "6 வயசுப் பையன், மஞ்சள் சட்டை, நீல அரைக்கால் சட்டை" என்று உரக்கச் சொல்லுங்கள். சுற்றியிருக்கும் எல்லாரும் தேடத் தொடங்குவார்கள். அதே நேரத்தில் வாசலில் இருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

தூறல்:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. சறுக்கு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு சந்தேகம். பெரியவளை எப்படி வரவைப்பது? கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் கொடுத்தால் ஒரு வேலை இருக்கும் என்று நினைத்தேன், சரியா? இன்னொன்று, நடுவில் உள்ளவனின் இரைச்சல் பயம்.

எண்ணும்_எழுத்தும்:

பள்ளி ஆசிரியர், மாணவர்களை இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டிப் போகிறவர். அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள் அம்மா. "சின்னப் பசங்க இடம்" என்று அவள் சொன்னதை நீங்களே உண்மையாக்குவது போல் ஆகிவிடும். அன்றைக்கு முழுக்கக் கடைக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவளுக்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. மாறாக, தொடர்ந்து 40 நிமிடம் அவளுக்கே அவளுக்கு என்று ஒதுக்குங்கள். நீங்கள் கூட இருங்கள், அல்லது அவள் தனியாக இருக்கட்டும். எத்தனை வயதிலிருந்து பெரியவர் துணையின்றி ஒரு பகுதியில் நிற்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

11 வயதுக்கு அது சின்ன இடமே இல்லை என்பதற்கு அந்த அருங்காட்சியகங்களின் வரலாறே சாட்சி. சிறுவர்களுக்கென்றே முதலில் தொடங்கியது நியூயார்க்கின் புரூக்ளினில், 1899-இல். பாஸ்டனில் 1913-இல் தொடங்கியதற்கு 1962-இல் மைக்கேல் ஸ்போக் இயக்குநராக வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி மாற்றினார். 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் இயற்பியலர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற தொட்டுப் பார்க்கும் அறிவியல் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அங்கே காட்சிகளை விளக்குவதற்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே அமர்த்தினார்கள். பெரியவளிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் இடத்திலும் இளந்தொண்டர்கள் இருந்தால் அவர்களோடு பேசவிடுங்கள். தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர் ஒரு காட்சியைப் பிரித்துக் காட்டினால் அவள் தோரணையே மாறிவிடும்.

ஒரு விஷயத்தில் பல்சக்கரத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தண்ணீரை முதலில் வைத்தால் ஈர உடையோடு மீதி நேரம் கழியும். குளிரூட்டிய கூடத்தில் சின்னக் குழந்தை நடுங்கும், ஈரக் காலோடு வலையிலும் ஏற முடியாது. நான் கடைசியில்தான் வைப்பேன்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், கையால் தொட்டுச் செய்து பார்க்கும் காட்சிகளின் முன் பெற்றோர் பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஆண், பெண் இருவரோடும் ஒரே அளவு பேசிய பெற்றோர், "ஏன் இப்படி நடக்கிறது" என்ற விளக்கத்தை மட்டும் பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கே பல மடங்கு சொன்னார்கள், தாங்கள் அப்படிச் செய்கிறோம் என்று அறியாமலே. உங்களுக்குப் பெரியவள் பெண், நடுவில் உள்ளவன் பையன். அவனுக்கு விளக்கும்போது அவளையும் பக்கத்தில் அழைத்து, அவளிடமும் காரணம் கேளுங்கள்.

கேட்பதிலும் முறை உண்டு. "இது என்ன தெரியுமா?" என்று தேர்வு வைக்காதீர்கள். "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சரிவையும் பந்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் வேகம் கூடியது என்று தெரியாது.

பல்சக்கரம்:

தண்ணீர் பற்றிய ஆட்சேபம் நியாயம். இரண்டு மாற்றுடை கையில் இருந்து, பார்வையாளர் கூட்டமும் அதிகம் என்றால் முதலில். மாற்றுடை ஒன்றே என்றால், அல்லது கூட்டமில்லாத பிற்பகல் என்றால் கடைசியில். இரண்டு வகையிலும் தண்ணீருக்குப் பிறகு உடை மாற்றாமல் எங்கும் போகாதீர்கள். ஈரக் காலோடு படியேறுவது எனக்கும் கவலைதான்.

பெரியவளுக்கான 40 நிமிடத்துக்கு என் யோசனை பந்துப் பாதைதான். பந்து தலைகீழாகச் சுற்றிவரும் செங்குத்து வளையம் வைக்க வசதி இருந்தால் அவளுக்கு ஒரு சவால்: பந்தை எவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் வளையத்தைச் சுற்றி வரும்? திடமான பந்து உருண்டு வரும்போது, வளையத்தின் அடியிலிருந்து அளந்தால் ஆரத்தைப் போல் குறைந்தது 2.7 மடங்கு உயரம் வேண்டும். பிங்பாங் பந்து மாதிரி உள்ளே வெற்றாக இருந்தால் 2.83 மடங்கு, ஏனென்றால் சுழல்வதற்கே அது அதிக ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. 15 செ.மீ. ஆரமுள்ள வளையத்துக்குக் கணக்குப்படி 40.5 செ.மீ. நிஜத்தில் உராய்வு தின்றுவிடுவதால் 50-க்கு மேல் தேவைப்படும். எந்த உயரத்தில் விட்டாலும் தோற்றால் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: பாதைத் துண்டுகள் சேரும் இடத்தில் மேடு இருக்கிறதா, வளையம் ஆடுகிறதா, பந்து பக்கச் சுவரில் தேய்கிறதா. வளையம் ஆடினால் பந்தின் ஆற்றலில் ஒரு பங்கு அந்த ஆட்டத்துக்கே போய்விடும். அடிப்பாகத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாலே பல நேரம் சரியாகிவிடும். அந்தப் பிடிக்கும் வேலைக்கு நடுவில் உள்ளவன் ஏற்றவன், மேலே இருந்து பந்து போடும் வேலைக்குக் கடைக்குட்டியைத் தூக்கிக்கொள்ளலாம். போடுகிற பந்து வெண்தாழை சொன்ன அளவைவிடச் சிறியதாக இருந்தால் அது வேண்டாம்.

காற்றுக் குழாயில் இலக்கு: காகிதக் குவளை குழாயின் நடுவில் 5 விநாடி மிதக்க வேண்டும். காற்று அதை மேலே தூக்கி எறிந்தால் குவளையின் அடியில் துளை போட்டுக் காற்றைத் தப்ப விடலாம், அல்லது விளிம்பில் காகிதக் கவ்வி மாட்டி எடை கூட்டலாம். கவ்விகளை எதிரெதிர் பக்கங்களில் சமமாக மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் சாய்ந்து சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். வாய் கீழ்நோக்கி இருந்தால் எப்படி, மேல்நோக்கி இருந்தால் எப்படி என்று அவளே சோதிக்கட்டும். சின்னதுக்கு மெல்லிய துணித்துண்டு ஒன்றைக் கொடுத்தால் போதும், அது மேலேறிப் பறந்து விழுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். 

குமிழிப் பகுதி பற்றி ஒரு வரி: உலர்ந்த விரல் பட்டால் உடையும், முழங்கை வரை கரைசலில் நனைத்த கை குமிழிக்குள் போய் வந்தாலும் உடையாது. ஆளைச் சுற்றிக் குமிழி எழுப்பும் வளையத்தில், நுரையை ஒதுக்கிவிட்டு, ஒரே சீராக மேலே இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கிழியும், தயங்கினால் கரைசல் கீழே வடிந்து மேல்பகுதி மெலிந்து உடையும். தரை மிகவும் வழுக்கும், சின்னதை நடக்க விடாதீர்கள்.

நடுவில் உள்ளவனின் இரைச்சல் பயத்துக்கு: எது எங்கே சத்தம் போடும் என்று முன்பே சொல்லுங்கள். காற்றுக் குழாயில் விசிறி இரைச்சல், பந்துச் சுவரில் டப டபவென்ற ஓசை, கழிவறைகளில் கை உலர்த்தி. சிறுவர்களுக்கான காது மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகட்டும், வேண்டும்போது அவனே போட்டுக்கொள்வான். கட்டாயப்படுத்தி அருகே கொண்டுபோகாமல் முதலில் தூரத்தில் நின்று பார்க்க விடுங்கள். சில இடங்களில் ஒளியையும் ஒலியையும் குறைத்து நடத்தும் அமைதி நேரமும், ஒதுங்கி உட்கார அமைதி அறையும் உண்டு. நிழல் அறைக்குள் நுழையும் முன் ஒருமுறை நடப்பதைக் கதவருகே நின்று பார்க்கட்டும்: சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும், ஒளி வெட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம், நகர்ந்த பிறகு நிழல் மட்டும் சுவரில் இருக்கும். ஒளிரும் பூச்சு அவன் மறைத்த இடத்தில் ஒளி படாததால் இருண்டிருக்கிறது, அவ்வளவுதான். நிழல் மங்கலாக வந்தால் அவன் அசைந்திருக்கிறான் அல்லது சுவரிலிருந்து விலகி நின்றிருக்கிறான்.

தூறல்:

பெரியவளிடம் வளையக் கணக்கைக் காட்டினேன், அந்த இடத்தில் எவ்வளவு பெரிய வளையம் இருக்கும் என்று கேட்கிறாள்! அத்தையை எங்கே உட்கார வைப்பது என்பது மட்டும் பாக்கி.

கீற்று:

குழந்தை மூலையில். அது பெரும்பாலும் தாழ்வான சுவரால் அடைத்து ஒரே ஒரு வழியோடு இருக்கும். அந்த வழியருகே நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்தால் சின்னது அவரைத் தாண்டி வெளியே போக முடியாது, அவரும் ஓட வேண்டியதில்லை. உள்ளே நாற்காலி இல்லை என்றால் ஊழியரைக் கேளுங்கள், கொண்டுவந்து போடுவார்கள். மூத்த பிள்ளைகளை அதற்குள் விடமாட்டார்கள் என்பதால் நடுவில் உள்ளவன் "நானும் வருவேன்" என்று நிற்கலாம், முன்பே சொல்லி வையுங்கள். பெரியவளின் 40 நிமிடத்தை அப்போது வையுங்கள். அத்தையிடம் சின்னது, உங்களோடு மற்ற இருவர், சந்திக்கும் இடம் குழந்தை மூலையின் வாசல். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் வந்து எட்டிப் பாருங்கள், உடை மாற்ற வேண்டியிருந்தால் அவரால் தனியாகக் குனிந்து செய்ய முடியாது. சின்னதின் மாற்றுடைப் பை அத்தையிடமே இருக்கட்டும்.

வெண்தாழை:

அந்த நாற்காலிக்குக் கைப்பிடி இருப்பதாகப் பார்த்துக் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கையூன்றித்தான் எழ வேண்டும். மாடிக்குப் போக மின்தூக்கி எங்கே என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.